குருகண்ட மர்த்தனம் என்னும் பாஸ்தாவைப் பரிமாறிய விதம்

மதிப்பிற்குரிய ஐயா, மதிப்பிற்குரிய அம்மணி,

இத்தாலியச் சமையலறைகளில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களை நான் இவ்வாறு விளிப்பது உங்களுக்கே சிரிப்பை வரவழைக்கும் என்று அறிவேன். வெங்காயம் உரிக்கும் மேசையில் உங்களை ஒருவரும் ஐயா என்றோ அம்மணி என்றோ கூப்பிடப் போவதில்லை. அந்தக் குறையை இந்த ஓர் இடத்திலாவது தீர்த்து வைக்கலாம் என்று எண்ணினேன்.

மாவைப் பிசைவது எவ்வாறு, தண்ணீரில் உப்பு எவ்வளவு என்பவற்றை நான் இங்கே எழுதப் போவதில்லை. அவற்றை உங்கள் கைபேசி என்னைவிட அழகாகக் காட்டும். உணவு வெந்து, தட்டில் ஏறி, மேசைக்குப் போன பிறகும் ஒருவர் அதைத் தொடாமல் அமர்ந்திருந்தால் என்ன செய்வது என்பதைக் கைபேசி காட்டாது. எனக்கு நேர்ந்த அத்தகைய ஒரு மதியத்தைப் பற்றியே எழுதுகிறேன்.

நான் மன்னாரைச் சேர்ந்தவன். பள்ளிப் படிப்பை முடிக்காதவன். குரோய்டனில் இருந்த பெரிய குடிவரவு அலுவலகத்தில், அகதி மனுவோடு, என் பெயரைக் கூப்பிடும்வரை காத்திருந்த நாட்களில், கையில் கிடைத்த தமிழ்ப் புத்தகங்களை எல்லாம் வாசித்தேன். அதன் விளைவாக என் பேச்சில் எழுத்துத் தமிழ் கொஞ்சம் ஏறிவிட்டது. ஆங்கிலத்தையும் அதே பாங்கில் பேசியதால், நான் பின்பு வேலை செய்த உணவகத்தின் தலைமைச் சமையலர் அம்மையார் என்னை "புரொபெசோரே", அதாவது பேராசிரியரே, என்றே அழைப்பார். அதில் மரியாதை எவ்வளவு, கேலி எவ்வளவு என்பதை ஓய்வு பெறும்வரை என்னால் பிரித்தறிய முடியவில்லை. அவர் இத்தாலியின் ரொமாஞாப் பகுதியில் பிறந்தவர். பாஸ்தாவைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் திட்டியவாறே தெரிவித்தவை.

எங்கள் தேவாலயப் பங்கில் செபமாலை என்றொரு நண்பர் இருக்கிறார். கோலியர்ஸ் வுட்டில் வீடு, பஸ் ஓட்டுநர், ஞாயிறு பூசையில் பாடகர் குழுவின் மிக உரத்த குரல். அவருடைய மகள் மெரினும், ஆர்ச்வேயில் வசிக்கும் மலேசியத் தமிழ்க் குடும்பத்துப் பையன் கதிரும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். பையனின் தந்தை கல்லூரியில் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவர். தாயார் ஹைகேட் குன்றிலுள்ள முருகன் கோயிலுக்குத் தவறாமல் போகிறவர். நம்மவர் மாதாவுக்கு மெழுகுதிரி ஏற்றுகிறவர்கள், அவர்கள் முருகனுக்கு நெய்விளக்கு ஏற்றுகிறவர்கள். இரண்டு வீடுகளுக்கும் நடுவே ஓடும் நொதர்ன் லைன் இரயிலுக்கு இந்த வேறுபாடு தெரியாததால், பிள்ளைகள் அதில் ஏறி இறங்கிக் காதலித்துவிட்டார்கள்.

பையனின் பெற்றோர் முதன்முறை பெண் வீட்டுக்கு வந்தபோது, தாயார் எதையும் தொடவில்லை. செபமாலை கலங்கிப்போய் என்னிடம் வந்தார்.

"அண்ணை, தேத்தண்ணிகூடத் தொடேல்லை. பலகாரத்தட்டை நானே பிடிச்சுக்கொண்டு நிண்டனான். சிரிச்சுப்போட்டு வேண்டாம் எண்டிட்டா."

நான் விசாரித்துப் பார்த்தேன். சம்பந்தம் உறுதியாகும்வரை பெண் வீட்டில் கை நனைப்பதில்லை என்பது அவர்களுடைய வழக்கம் என்று தெரிய வந்தது. கை நனைத்தல் என்றால் உண்ணுதல். உண்டுவிட்டால் சம்மதம் என்று பொருள். உண்ணாதவரை எதுவும் சொல்லவில்லை என்று பொருள்.

இதைக் கேட்டதும் செபமாலையின் முகத்தில் ஓர் ஒளி தோன்றியது. அந்த ஒளியைக் கண்டபோதே நான் எச்சரிக்கையாகியிருக்க வேண்டும்.

"அப்ப வீட்டிலை வேண்டாம் அண்ணை. உங்கடை கடையிலை விருந்து வைப்பம். கடைக்கு வந்தால் ஆரும் சாப்பிடாமப் போவினமோ? கை நனைஞ்சிடும். பிறகு கதையில்லை."

"இது ஏமாற்று வேலை அல்லவா?"

"ஏமாத்தில்லை அண்ணை, உபசாரம்."

உணவகம் மூடியிருக்கும் திங்கட்கிழமை மதியத்தில் ஒரு மேசை மட்டும் போடத் தலைமைச் சமையலர் அம்மையார் இசைந்தார். எங்கள் பங்கின் தமிழ்க் குருவானவரும் வருவதாக இருந்தது. நாங்கள் எல்லோரும் அவரை ஃபாதர் என்றே அழைப்போம். பையன் மதம் மாறத் தேவையில்லை, கோயிலிலும் தாலி கட்டலாம், தேவாலயத்திலும் ஆசி பெறலாம் என்பதை அவர் தம் வாயால் சொன்னால் தாயாரின் மனம் இளகும் என்பது செபமாலையின் எண்ணம். பையன் வீட்டார் சைவம் என்பதையும் அம்மையாரிடம் சொன்னேன். இறைச்சி இல்லை, மீன் இல்லை, அவற்றை வேகவைத்த தண்ணீரும் இல்லை என்று அவர் உறுதி தந்தார்.

"விருந்துக்கு யார் யார் வருகிறார்கள்?" என்று கேட்டார்.

ஒவ்வொருவராகச் சொன்னேன். ஃபாதரின் பெயர் வந்ததும் அம்மையார் கைகளைத் தட்டினார்.

"பாதிரியார் வருகிறாரா? அப்படியானால் யோசிக்கவே வேண்டாம். ஸ்ட்ரொட்சாப்ரெத்தி!"

ஈரத் துவாயை இருவர் பிடித்து முறுக்கிப் பிழிந்தால் எப்படி இருக்குமோ, அந்த வடிவத்தில் விரல் நீளத்துக்கு உருட்டப்படும் பாஸ்தா அது. தட்டையாகத் தேய்த்த மாவை நாடாவாக வெட்டி, நாடாவின் நுனியை இரு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து ஒரு தேய்ப்புத் தேய்த்து, கிள்ளிப் போட வேண்டும். முறுக்கின் பள்ளத்தில் குழம்பு தங்கி நிற்கும். அதன் பெயருக்கு "பாதிரியாரின் கழுத்தை நெரிப்பது" என்று பொருள். எனக்கு அது தெரியாமலில்லை. ஆனால் சமையலறையில் நாள்தோறும் கத்தும் பெயர் வெறும் ஓசையாகிவிடுகிறது. மேசையில் அமர்ந்திருப்பவர் அதை முதன்முறையாகக் கேட்கிறார் என்பது நமக்கு நினைவிருப்பதில்லை. செபமாலைக்கு விருந்தன்று காலை சமையலறையில் வைத்துத்தான் அதைச் சொன்னேன். அவர் அப்போது வெந்த ஒன்றை எடுத்து வாயில் போட்டிருந்தார்.

"அண்ணை, இது அவியேல்லை."

"அவிந்துவிட்டது. பல்லில் கொஞ்சம் தடுக்க வேண்டும். அதுவே அதன் பதம்."

"சம்பந்தி வீட்டுக்கு அவியாததைக் குடுத்துட்டுப் பதம் எண்டு சொல்லேலுமோ? சரி, இதுக்கென்ன பேர்?"

சொன்னேன். வாயில் இருந்ததை அவர் விழுங்குவதற்குச் சற்று நேரம் பிடித்தது.

"ஐயோ! ஃபாதருக்கு முன்னாலையோ? வேறை பேர் சொல்லுங்கோ அண்ணை. ஆரும் கேட்டால் தெரியாது எண்டு சொல்லுங்கோ. கும்பிட்டுக் கேக்கிறன்."

நான் வாக்குக் கொடுத்தேன்.

மதியம் எல்லோரும் வந்து அமர்ந்தார்கள். ஃபாதர் தாம் சொல்ல வந்ததை இதமாகவும் சுருக்கமாகவும் சொன்னார். அவருடைய பிரசங்கங்களைக் கேட்டுப் பழகிய எங்களுக்கு அந்தச் சுருக்கம் ஓர் அற்புதமாகத் தோன்றியது. பையனின் தாயார் தலையசைத்துக் கேட்டார். அதன் பின் தட்டுகளை நான் கொண்டுபோய் வைத்தேன். தக்காளியும் காட்டுக்கீரையும் சேர்த்து, சட்டியிலேயே பாஸ்தாவோடு ஒன்றாகப் புரட்டி எடுத்தது. நம்முடைய சோறும் கறியும் போல இதைத் தனித்தனியாக வைக்கலாகாது. இறக்கியவுடன் உண்ண வேண்டும். ஆறவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டி வீணாகிவிடும்.

ஃபாதர் முள்கரண்டியை எடுத்தார். பையனின் தந்தையும் உண்ணத் தொடங்கினார். பிள்ளைகள் பெரியவர்களின் முகங்களைப் பார்த்தவாறே உண்டார்கள். தாயார் மட்டும் தட்டின் ஓரத்தைச் சிறிது நகர்த்தி வைத்து, தண்ணீரைக்கூட எடுக்காமல், கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

செபமாலையின் முள்கரண்டி பாதி வழியில் நின்றுவிட்டது. மெரின் தலையைக் குனிந்துகொண்டாள். கடையில் வைத்தால் கை நனைந்துவிடும் என்ற திட்டத்தைத் தாயார் கண்டுகொண்டார்; இதுவே அவருடைய பதில்; சம்மதமில்லை. எங்கள் பக்கத்தில் இருந்த ஒவ்வொருவரும் இப்படித்தான் புரிந்துகொண்டோம்.

பையனின் தந்தை தம் தட்டிலிருந்து ஒன்றை முள்கரண்டியில் குத்தித் தூக்கியவாறே என்னைப் பார்த்தார்.

"ரொம்ப நல்லா இருக்குங்க. முறுக்கி முறுக்கி அழகா செஞ்சிருக்கீங்க. இதுக்கு என்ன பேரு?"

"ஸ்ட்ரொட்சாப்ரெத்தி."

"பேருக்கு ஏதாச்சும் அர்த்தம் இருக்குமே?"

செபமாலை, அருகில் நின்ற என் காலை மிதிப்பதாக எண்ணி, மேசைக்கு அடியில் ஒரு காலை மிதித்தார். அது என் கால் அல்ல, ஃபாதருடைய கால் என்பது பின்னர் தெரியவந்தது.

ஐயா, அம்மணி, நெருக்கடியில் ஒருவன் தனக்கு மிகவும் பழகிய கருவியையே கையில் எடுப்பான். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அத்தனை காலம் அந்த வேலையில் இருந்துவிட்டு அப்படிச் சொல்ல நா எழவில்லை. என் கருவி உயர்ந்த தமிழ். எவருக்கும் விளங்காத தமிழில் உண்மையைச் சொல்லிவிட்டால், பொய்யும் சொன்னதாகாது, வாக்கும் தவறியதாகாது என்று அந்தக் கணத்தில் கணக்குப் போட்டேன். நிமிர்ந்து நின்று சொன்னேன்:

"தமிழில் இதனைக் குருகண்ட மர்த்தனம் எனலாம்."

"அடடா!" என்றார் கணித ஆசிரியர். அவருடைய முகம் மலர்ந்தது. விடை காணவேண்டிய ஒன்று கையில் கிடைத்த மகிழ்ச்சி அது. "இருங்க, இருங்க. நான் சொல்றேன். கண்டம்... நீலகண்டம்னா நீலக் கழுத்து. அப்போ கண்டம்னா கழுத்து. மர்த்தனம்... மகிஷாசுரமர்த்தினின்னு தினமும் சொல்றோமே, அந்த மர்த்தனம். அசுரனை அழிக்கிறது, நசுக்கிறது. அப்போ குருவோட கழுத்தைப் புடிச்சு..."

அவர் தம் கையாலேயே காற்றில் ஒரு கழுத்தை நெரித்துக் காட்டினார். காட்டிய பிறகுதான் அதன் பொருள் அவருக்கே விளங்கியது.

"எந்தக் குருங்க?" என்றார் தாழ்ந்த குரலில். "எங்க கோயில் குருக்களா? இல்ல, இவங்களா? நானும் காலேஜ்ல வாத்தியார்தான்."

பாதிரியார் என்று பேச்சுத் தமிழில் சொல்லியிருந்தால் ஒருவரோடு போயிருக்கும். மேலான சொல்லாக இருக்கட்டும் என்று குருவைத் தேர்ந்தெடுத்ததால், ஒரே சொல்லில் கோயிலையும் தேவாலயத்தையும் கல்லூரியையும் சேர்த்து நெரித்துவிட்டேன்.

"அப்பா, leave it," என்றான் கதிர்.

"அண்ணை," என்றார் செபமாலை. அந்த ஒரு சொல்லில் எங்கள் நட்பு முழுவதும் ஊசலாடியது.

அந்த நேரம் பார்த்துத் தலைமைச் சமையலர் அம்மையார் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். ஒரு தட்டு தொடப்படாமல் இருப்பதைச் சமையலறைக் கதவின் வட்டக் கண்ணாடி வழியே அவர் பார்த்திருக்கிறார். ஆறிப்போகும் பாஸ்தாவை அவர் நோயாளியைப் பார்ப்பது போலப் பார்ப்பவர்.

"புரொபெசோரே, அந்த அம்மா ஏன் சாப்பிடவில்லை? என்ன குறை? இவர்கள் எல்லாம் ஏன் செத்தவீட்டில் இருப்பதுபோல் இருக்கிறார்கள்?"

"பெயரின் பொருளைக் கேட்டார்கள்."

"சொல்ல வேண்டியதுதானே! நெரிக்க வேண்டியது இவரை!" என்று சொல்லி, விரலை நீட்டி ஃபாதரைக் காட்டினார்.

ஆங்கிலத்தில் சொன்னதால் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. ஃபாதர் வாயில் இருந்ததை நிதானமாக மென்று விழுங்கிவிட்டு, "நல்லதுதான். முதல்லை என்ரை காலை மிதிச்சாச்சு. இப்ப கழுத்தோ?" என்றார்.

பையனின் தந்தை சிரிக்கலாமா கூடாதா என்று மனைவியைப் பார்த்தார். மனைவி சிரிக்கவில்லை. தட்டும் அப்படியே இருந்தது.

மறைப்பதற்கு இனி எதுவும் எஞ்சியிருக்கவில்லை. வாக்கு ஏற்கெனவே தவறிவிட்டது. உயர்ந்த தமிழும் என்னைக் கைவிட்டது. ஆகவே நான் அந்தத் தாயாரைப் பார்த்து, வீட்டில் பேசுவது போலவே சொன்னேன்.

"அம்மா, இது இத்தாலி ஊர்ப் பொம்பிளையளின்ரை பகிடி. அந்தக் காலத்திலை மாதா கோயில் நிலத்திலை பயிர் செய்யிற சனம், குத்தகைக்குப் பதிலா முட்டையையும் கோழியையும் பாதிரியாருக்குக் குடுக்க வேண்டியிருந்ததாம். முட்டை எல்லாம் அங்கை போயிடும். வீட்டிலை மிஞ்சிறது மாவும் தண்ணியும்தான். அதை வைச்சு இதை உருட்டிப்போட்டு, பாதிரியார் சாப்பிட வந்தால், 'விக்கட்டும்' எண்டு மனசுக்குள்ளை திட்டிக்கொண்டு போடுறதாம். உண்மையோ கதையோ தெரியாது. எங்கடை செஃப் அம்மாவின்ரை ஊரிலை இப்பிடித்தான் சொல்லுவினம்."

தாயார் முதன்முறையாக என்னை நேராகப் பார்த்தார்.

"முட்டை இல்லையா?"

"எதிலை அம்மா?"

"இதுல. இந்த மாவுல. முட்டை போடலையா?"

"இல்லை. மாவும் தண்ணியும் மட்டும்தான்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவர் மகனைத் திரும்பிப் பார்த்த பார்வையில், அந்தப் பையன் நாற்காலியோடு சற்றுப் பின்வாங்கினான்.

"இவன்தாங்க சொன்னான். கையால செய்யிற பாஸ்தான்னா முட்டை இல்லாம இருக்காதுன்னு, ட்ரெயின்ல வர்றப்போ பெரிசா பாடம் எடுத்தான். நீங்க சைவம்னு சொன்னீங்க. ஆனா முட்டையும் சைவம்னு நினைக்கிறவங்க எத்தனையோ பேரு. இவ்வளவு ஆசையா பண்ணி வெச்சிருக்கீங்க, கேட்டா உங்க மனசு கஷ்டப்படுமேன்னுதான் பேசாம இருந்தேன்."

"அம்மா, most of them do have egg," என்று கதிர் தொடங்கினான்.

"நீ வாயை மூடு," என்றார் அவனுடைய தந்தை, அவன் மூடிய பிறகு.

இவ்வளவுதான். எங்கள் மாதாவையும் அவர்கள் முருகனையும் அழைத்துவந்து நாங்கள் மனத்துக்குள் நடத்திய வழக்கு முழுவதும் ஒரு முட்டையைப் பற்றியது. எவர் சைவம் என்று சொன்னாலும், முட்டை, வெங்காயம், பூண்டு என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு என்று நான் எண்ணியிருந்தேன். சொல்வது மரியாதைக் குறைவு என்று தாயார் எண்ணியிருந்தார். இரண்டு மரியாதைகளுக்கும் நடுவே ஒரு தட்டு பாஸ்தா ஆறிப்போயிற்று.

விவரத்தை ஆங்கிலத்தில் சொன்னதும் தலைமைச் சமையலர் அந்தத் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது அவர் கையில், வேகவைக்காத மாவு நாடாக்கள் பரப்பிய ஒரு பலகை இருந்தது. அதைத் தாயாரின் முன்னால் வைத்து, "மாவு, தண்ணீர், அவ்வளவுதான். பாருங்கள்," என்று ஒரு நாடாவை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துத் தேய்த்துக் கிள்ளிப் போட்டார்.

தாயார் அதைக் கவனித்துப் பார்த்தார். பிறகு, ஒருவரையும் கேட்காமல், ஒரு நாடாவை எடுத்துத் தம் உள்ளங்கையில் வைத்து ஒரே இழுப்பாகத் தேய்த்தார். பிசகில்லாமல் வந்தது. அடுத்ததும் வந்தது.

"விளக்குக்குத் திரி திரிக்கிற மாதிரிதான்," என்றார் மெரினைப் பார்த்து. "நீ பண்ணிப் பாரு."

மெரின் உருட்டியது ஒரு மண்புழுவைப் போல நெளிந்து விழுந்தது. தாயார் அதை எடுத்து, பிரித்து, மறுபடி அவள் கையில் வைத்து, தம் கையை அதன்மேல் வைத்துத் தேய்த்தார். தலைமைச் சமையலர் என் காதருகே, "நான் திட்டித் திட்டிச் செய்வித்ததை இந்த அம்மா பேசாமலே செய்விக்கிறார், பார்த்தீரா?" என்று கேட்டார். நான் கேளாதவன்போல் இருந்துகொண்டேன்.

அவர்கள் உருட்டியவற்றையும் சேர்த்து அம்மையார் உள்ளே கொண்டுபோய்ப் புதிதாக வேகவைத்து, ஆவி பறக்கக் கொண்டுவந்து வைத்தார். மெரினுடைய மண்புழுவை அதில் எளிதாக அடையாளம் காண முடிந்தது. தாயார் முள்கரண்டியைப் பார்த்தார். மாவு படிந்த தம் கைகளைப் பார்த்தார்.

"கையால சாப்பிட்டா தப்பா நினைப்பாங்களா?"

"நினைக்கமாட்டினம்," என்று நான் சொல்லி முடிக்கும் முன்பே, செபமாலை எழுந்து தண்ணீர்க் குவளையையும் ஒரு கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு ஓடி வந்துவிட்டார். பஸ்ஸைக்கூட அவர் அந்த வேகத்தில் ஓட்டியதாக நான் கேள்விப்பட்டதில்லை. தாயார் கையை நீட்டினார். செபமாலை தண்ணீர் வார்த்தார். வார்த்ததில் பாதி கிண்ணத்துக்கு வெளியே போனதை எல்லோரும் பார்த்தோம். ஒருவரும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

தாயார் ஒன்றை எடுத்து வாயில் வைத்து மென்றார். பல்லில் தடுக்கிறதே என்று சொல்லிவிடுவாரோ என்று செபமாலை கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். தாயார் இன்னொன்றை எடுத்தார். பின்னர், மேசையின் மறுபக்கத்தில் தம் தட்டைக் காலி செய்வதில் ஊக்கமாக இருந்த ஃபாதரைப் பார்த்தார்.

"சாமி, நீங்க கொஞ்சம் மெதுவா சாப்பிடுங்க. விக்கிக்கப் போவுது. கல்யாணத்துக்கு நீங்க வேணும்."

செபமாலை கையில் கிண்ணத்தோடு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

ஐயா, அம்மணி, என் குறிப்பு இவ்வளவே. இதை ஒருமுறை வாசித்துவிட்டு எங்கோ போட்டுவிடாமல், உங்களுக்குப் பின் வேலைக்கு வருகிறவர்களும் வாசிக்கும்படி பத்திரமாக வைத்திருக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.